எலி கொண்டுபோன கார்புரேட்டர்

ஜூன் 14, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. ஓடி வரவில்லை, லாரியில் ஏறி வந்தது. ஆறு பேர் பலகை போட்டு, "மெதுவா, மெதுவா" என்று ஆளாளுக்குக் கத்தி, வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்குள் உருட்டி விட்டார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. போடியில் ஜீப் பார்க்காத ஆள் கிடையாது. ஆனால் இப்படி ஒரு ஜீப்பைக் காசு கொடுத்து வாங்கிய ஆளை இப்போதுதான் பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

தமயந்தி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்கு ஆரத்தி எடுக்கணுமா, தலை முழுகணுமா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். என் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே வாய்தான்.

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் தொட்டி. நான் பிறந்த காலத்து வண்டி. பூப்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தது. மிளகுக்கொடி கதவு வழியாக நுழைந்து ஸ்டியரிங்கைச் சுற்றிப் படர்ந்திருந்தது. கொடியை வெட்டத் தோட்ட மேனேஜருக்கு மனசே வரவில்லை. "காய் பிடிச்சிருக்கு சாரே, ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா போதாதா?" என்றார். வண்டியைவிட மிளகுக்குத்தான் அவரிடம் மரியாதை.

வாங்கியது எனக்காக இல்லை, மகன் இன்பராஜுக்காக. தோட்டத்துக்கு வேலையாள் ஏற்றுகிற ஜீப்புகளில் ஒன்பது வருஷம் டிரைவராக இருந்தான். குடியால் அந்த வேலை போயிற்று. மருமகள் ரேவதி சின்னமனூருக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். தேனியில் குடியை விட வைக்கும் ஓர் இடத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வந்தான். அங்கே டாக்டர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "கை சும்மா இருக்கக் கூடாது சார்." சரி, கைக்கு வேலை கொடுத்துவிட்டேன். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் இந்த மாதிரி வண்டிதான் ஏறும். போகும்போது உரம் ஏற்றலாம், வரும்போது ஏலக்காய் மூட்டை ஏற்றலாம். சொந்த வண்டி, யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். ரேவதியும் போனில் சொல்லிவிட்டாள்: "ஒரு வேலையில நிக்கட்டும் மாமா, நான் வாரேன்."

இன்பா வண்டியைச் சுற்றி வந்தான். பானெட்டைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு எதையோ திருகிப் பார்த்தான். "எஞ்சின் உயிரோட இருக்குப்பா" என்றான். அவன் முகத்தை இப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

ஏலக்காய் வியாபாரி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன்.

ஜூன் 17, திங்கள்

உசேன் பாய் வந்தார். ஜீப் மெக்கானிக். வண்டியைப் பார்க்கும் முன்னால் ஒரு டீ, பார்த்த பின்னால் ஒரு டீ. "செக்கர் சார், இது செத்த வண்டி இல்ல, மயக்கத்துல கெடக்கு. தண்ணி தெளிச்சா எந்திரிச்சுரும்" என்றார். எல்லா வண்டிக்கும் இதையேதான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயர் ஆனதால் ஊரில் எனக்கு செக்கர் என்றே பெயர். பஸ்ஸில் ஏறி நின்றதும், டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவன் இல்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பவன்தான்.

ஜூன் 30, ஞாயிறு

எஞ்சினை இறக்கியாயிற்று. உசேன் பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவார், மற்ற நாட்களில் இன்பா தனியாகப் பார்க்கிறான். என் வேலை கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவது. கழுவியதும் ஒவ்வொன்றிலும் பழைய டிக்கெட் கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் பெயர் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கிறேன். "அப்பா, ஸ்க்ரூவுக்குமா டிக்கெட்டு?" என்று இன்பா சிரித்தான். டிக்கெட் இல்லாமல் எதுவும் என் கொட்டகையில் இருக்காது என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

பிரேக் டிரம் நாலும் கழன்றன. மத்தியானம் இன்பா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். தமயந்தி வெஞ்சனம் போதவில்லை என்று அப்பளம் பொரித்தாள்.

ஜூலை 24, புதன்

கார்புரேட்டரைக் காணோம்.

அலமாரியின் நடுத்தட்டில் நான்தான் வைத்தேன். மேலே கீழே, சாக்குக்குள், தொட்டிக்குள் எல்லாம் தேடியாயிற்று. எலியாகத்தான் இருக்கும். தகரக் கொட்டகையில் எலிக்கு என்ன பஞ்சம்? எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எதையும் இழுத்துக்கொண்டு போகும்.

"எலி கார்புரேட்டரத் தூக்கிட்டுப் போச்சாக்கும்?" என்றாள் தமயந்தி.

"பெருச்சாளியா இருக்கும்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்பா நேற்று மத்தியானமே சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்துக்கென்று போனவன், இன்னும் வரவில்லை. ஆடி மாதத்தில் என்ன கல்யாணம் என்று நான் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் யார் மாதம் பார்க்கிறார்கள்?

ஜூலை 27, சனி

எலிக்கூண்டு வாங்கி மசால் வடை வைத்தேன். எலி விழவில்லை. வடை காய்ந்து போயிற்று. இன்பா வந்துவிட்டான். கண் சிவந்திருக்கிறது, பயணக் களைப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வேறு கார்புரேட்டர் கிடைக்குமா என்று பார்க்கப் பால்பாண்டியின் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். ஒரு தகர டப்பாவை என் முன்னால் கவிழ்த்தார். அதில் ஒன்று எங்கள் மாடல்தான். கையில் எடுத்தேன். ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அதில் ஒரு டிக்கெட். பின்பக்கம் "கார்ப். மேல்மூடி ஸ்க்ரூ தனியாக உள்ளது" என்று என் கையெழுத்து.

பால்பாண்டியும் பார்த்தார். "சார், இது ஒங்க எழுத்து மாதிரி இருக்கே."

"எல்லார் எழுத்தும் இப்பிடித்தான் இருக்கும். சொல்லுங்க, எவ்வளவு?"

வாங்கிக்கொண்டு வந்து அலமாரியின் நடுத்தட்டில் வைத்தேன். இன்பா அதைப் பார்த்தான். மத்தியானம் முழுக்கத் தலை நிமிராமல் வேலை பார்த்தான். அதுவரைக்கும் சந்தோஷம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மறுபடியும் கார்புரேட்டர். மறுபடியும் பால்பாண்டி கடை. டிக்கெட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இந்தத் தடவை டைனமோ. அதற்குள் செம்புக் கம்பி இருப்பதால் நல்ல விலை போகுமாம். கடை வாசலில் என்னைக் கண்டதும் பால்பாண்டி உள்ளே போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். எடுத்துத் தனியாக வைத்திருந்திருக்கிறார்.

"சார், தப்பா நெனைக்காதீக. அடுத்த தடவ வந்தா வாங்க மாட்டேன்னு சொல்லிறட்டுமா?"

யார் வந்தால் என்று அவர் சொல்லவில்லை. "வேண்டாம். வாங்கி வைங்க. வேற ஆளுக்கு மட்டும் குடுத்துராதீக" என்றேன். இவர் வாங்காவிட்டால் சாமான் தேனிக்குப் போகும். தேனியில் எந்தக் கடை என்று நான் எங்கே போய்த் தேடுவது?

தெருமுனையில் பெட்டிக்கடைக்காரன் என்னைக் கூப்பிட்டு, "செக்கர் சார், புது டைனமோவா?" என்றான். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வண்டிக்கு எஞ்சின் ஏறிவிட்டது, சக்கரம் மாட்டியாயிற்று, பாடிக்குப் பட்டி பார்த்து ஒரு பூச்சுச் சாம்பல் நிறம் அடித்திருக்கிறது. இன்னும் ஓடவில்லை. ஓடாவிட்டால் என்ன, பொட்டு வைக்கக் கூடாதா? பானெட்டில் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்குக்குக் கதம்பம். தமயந்தி பொரி, கடலை கொண்டு வந்து வைத்தாள்.

இன்பா வந்து சூடம் காட்டினான். தட்டு ஆடியது, சூடம் கீழே விழுந்தது. தமயந்தி தட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சாம்பிராணிப் புகையில் வேறு வாசனை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 16, புதன்

ரேடியேட்டர். பித்தளை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 16, சனி

கார்த்திகை முதல் தேதி. இன்பா சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான்.

நான் கேட்கவில்லை, தமயந்தியும் கேட்கவில்லை. காலையில் தானே எழுந்து, தலைக்குக் குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, குருசாமியிடம் போய் மாலை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றான். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சாமிதான். தமயந்தி "வாங்க சாமி" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எத்தனையோ வருஷமாக அவள் வாயார வா என்று கூப்பிடும்படி அவன் வந்ததில்லை.

நவம்பர் 29, வெள்ளி

வண்டி ஓடுகிறது!

காலையில் ஸ்டார்ட் ஆயிற்று. முதலில் இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, அப்புறம் நின்று பேச ஆரம்பித்தது. உசேன் பாய் "சொன்னேன்ல, மயக்கம்தான்" என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார். உண்மையில் அவர் போன மாதமே கைவிட்டுவிட்டார். இந்த இரண்டு வாரமும் சாமிதான் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் வேலை பார்த்தார். அலமாரியில் ஒரு ஸ்க்ரூகூடக் குறையவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்துவிட்டேன்.

பச்சைப் பெயிண்ட் அடிக்கப் போகிறாராம். ஏலக்காய்ப் பச்சை.

டிசம்பர் 8, ஞாயிறு

போடிமெட்டுக்குப் போய் வந்தோம். சாமி ஓட்டினார், தமயந்தி பக்கத்தில், நான் பின்னால் தொட்டியில் சாக்கு மூட்டை மாதிரி. கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறைகூட வண்டி திணறவில்லை. மேலே, தோட்டத்துக்குப் பிரிகிற மண் பாதையில் மழைச் சேறு. இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, ஃபோர் வீல் ராடைத் தள்ளினார். நாலு சக்கரமும் மண்ணைக் கடித்துக்கொண்டு ஏறின. அந்தப் பக்கம் ஏற முடியாமல் நின்ற ஒரு புது வண்டிக்காரன் வாயைப் பிளந்தான். நான் அவனுக்குக் கையை ஆட்டினேன்.

தமயந்தி மெட்டில் சுக்குக் காப்பி குடித்தாள். "பரவாயில்லைங்க" என்றாள். என்ன பரவாயில்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரேவதிக்குப் போன் போட்டேன். வண்டி ஓடியதை, மெட்டு ஏறியதை எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "சந்தோசம் மாமா. மாலைய எறக்கட்டும். பெறகு பாப்போம்" என்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு நம்பிக்கை என்பதே கிடையாது என்று எனக்குக் கோபம் வந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான். பிரேக் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாமி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அப்பா, எலியுமில்ல, பெருச்சாளியுமில்ல. எல்லாத்தையும் நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்."

"மாலையப் போட்டுக்கிட்டு அபாண்டம் பேசாதீங்க சாமி."

"ஒங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்ப்பா. பால்பாண்டி சொல்லிட்டாரு. ஒரே ஒரு தடவ, 'ஆமாடா, நீதான்டா களவாணி'ன்னு சொல்லுங்க. செருப்பக் கழட்டி அடிங்க. எனக்கு அது போதும்."

சாமியை எப்படி அடிப்பது? நாற்பது வருஷம் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பேன், அதட்டி இறக்கிவிட்டிருப்பேன். "முன் சக்கரத்துல காத்து எறங்கியிருக்கு, பாருங்க" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு எழுந்து போய்ச் சக்கரத்துக்குக் காற்று அடித்தார்.

நல்ல பிள்ளை. மாலை போட்டால் பாவம் செய்யாதவனுக்கும் ஏதாவது ஒப்புக்கொள்ளத் தோன்றும்போலிருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

இருமுடி கட்டியாயிற்று. சாயங்காலம் வேனில் கிளம்பினார்கள். வேன் புறப்படும் முன் குருசாமியைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டேன்: போய் வந்த பிறகும் இவருக்கு மாலையைக் கழற்றாமல் விட்டுவிடலாமா? ஒரு வருஷத்துக்கு? முடிந்தால் இரண்டு வருஷத்துக்கு?

குருசாமி வயசானவர், நல்லவர். என் கையைப் பிடித்துக்கொண்டார். "செக்கர் சார், மலைக்குப் போய்ட்டு வந்தா மாலைய எறக்கித்தான் ஆகணும். ஐயப்பன் என்ன, வாச்மேனா?" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

டிசம்பர் 26, வியாழன்

காலையில் வந்தார்கள். வழக்கப்படி தாய் கையால் மாலை இறக்க வேண்டும். தமயந்தி அதைக் கழற்றிப் பூஜை அலமாரியில் ஐயப்பன் படத்துக்குப் போட்டாள். அரவணைப் பாயசம் எல்லோருக்கும் கொடுத்தான். பிறகு படுத்துத் தூங்கினான். எழுந்து, கறுப்பு வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டான்.

"எறக்கியாச்சுல்ல. இனிமே இன்பான்னு கூப்பிடுங்கப்பா" என்றான்.

சாயங்காலம் முடி வெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனான்.

டிசம்பர் 27, வெள்ளி

இன்னும் வரவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

இந்த வருஷம் யாரும் டைரி கொடுக்கவில்லை. பழைய டைரியில் முன்பக்கங்கள் காலியாக இருப்பதால் அதிலேயே எழுதுகிறேன். கிழமையை மட்டும் அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

மத்தியானம் ரெண்டு மணிக்கு இன்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனான். எந்த நிலையில் எடுத்தான் என்று தமயந்தி பார்த்திருக்கிறாள். குறுக்கே நின்றிருக்கிறாள், அவளைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு பூக்கடைப் பந்தலில் மோதி நின்றான். பூக்காரப் பெண் கூடையோடு ஓடியதால் பிழைத்தாள். நான் போனபோது அவள் மண்ணில் உட்கார்ந்து, சிதறிய மல்லிகையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "எம்பிள்ள பள்ளிக்கொடம் விட்டு இங்கனதான்யா வந்து உக்காரும். இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா?" என்றாள். நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். அவள் பதறி எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டைவிரல் அளவுதான். அது இல்லாமல் எஞ்சின் பற்றாது. இனி இந்த வண்டி ஓடாது. ஓட வைக்க ஆறு மாதம் ஆயிற்று, நிறுத்த ஒரு நிமிஷம் ஆகவில்லை.

ரேவதி போன் எடுக்கவில்லை. அவள் அப்பா எடுத்தார். "இனிமே கூப்பிட வேண்டாம் சம்பந்தி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஜனவரி 12, ஞாயிறு

பேட்டரி போயிற்று. டைனமோவும்.

பால்பாண்டி கடையிலிருந்து இரண்டையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் தமயந்தி வழிமறித்தாள்.

"எத்தனை தடவங்க அந்த டைனமோவ வாங்குவீங்க?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அவன் குடிக்கிறதுக்கு நீங்கதான் ஊத்திக் குடுக்கிறீங்க. அவன் ஒரு கையால விக்கிறான், நீங்க ஒரு கையால வாங்குறீங்க. கடைசில நம்ம பிள்ளையத்தான் தூக்கிட்டு வந்து போடப் போறாக இந்த வாசல்ல."

"வீட்டுக்கு வாரான்ல?" என்றேன்.

தமயந்தி தானே கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து கொட்டகையைப் பூட்டினாள். சாவியை என்னிடம் தந்தாள். தாலிக்கயிற்றில் முடிந்துகொள்வாள் என்று நினைத்தேன். "இது ஒங்க பொறுப்பு" என்றாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். இன்பா வந்தான். கொட்டகைக் கதவை இழுத்துப் பார்த்தான். பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். சாப்பிடக் கூப்பிடலாம் என்று வாசலுக்குப் போவதற்குள் போய்விட்டான்.

ஜனவரி 24, வெள்ளி

மாட்டுப் பொங்கல் அன்றைக்குப் போனவன்தான். இன்று காலை, என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் ஒருவர் போன் செய்தார். "சார், நம்ம இன்பா மாதிரி ஒருத்தர் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுல கெடக்காரு. சட்டையில்ல. மாதிரி என்ன, இன்பாதான் சார்."

போனேன். கழிப்பறைச் சுவரோரம் படுத்துக் கிடந்தான். அவன் பக்கத்தில் ஒரு நாய். வெயில் முகத்தில் அடித்தது, ஈ மொய்த்தது. செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஒரு கணம், கடவுளே, அப்பாடா என்று இருந்தது. அதை எழுதாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை. உடனே தொட்டுப் பார்த்தேன், உடம்பு சூடாக இருந்தது, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டேன். பனியனோடு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பையன் புதுசு, என்னை அவனுக்குத் தெரியாது. மூக்கைச் சுளித்துக்கொண்டு, "பெரியவரே, கடைசி சீட்டுக்குப் போங்க" என்றான். போனேன். இரண்டு டிக்கெட் எடுத்தேன். போடி வரைக்கும் அவன் தலை என் தோளில் கிடந்தது. சின்ன வயசில் திருவிழா பார்த்துவிட்டு வரும்போது இப்படித்தான் தூங்குவான், அதே கனம்.

ஜனவரி 25, சனி

கொட்டகைப் பூட்டைக் கழற்றிவிட்டேன். தமயந்தி ஏன் என்றாள். சாவி தொலைந்துவிட்டது என்றேன். சாவி இல்லாமல் பூட்டைத் திறந்தது எப்படி என்று அவள் கேட்கவில்லை. கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள், கிண்டுவதை நிறுத்தவும் இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

ரேடியேட்டர். கடையில் போய் நின்றேன், பால்பாண்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. "எனக்கே ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றார். அவருக்கு இருப்பது எனக்கு இருக்காதா?

பிப்ரவரி 6, வியாழன்

மத்தியானம் இன்பா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். துணி முழுக்க ரத்தம். கண்ணாடி கிழித்துவிட்டது என்றான். டாக்டரிடம் கூட்டிப் போனேன், உள்ளங்கையில் ஐந்து தையல், ஒரு ஊசி. டாக்டர் தைக்கும்போது அவன் கை நிற்கவே இல்லை, நர்ஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காலையில் காப்பி டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடித்துத்தான் குடிக்கிறான்.

வீட்டுக்கு வந்து கொட்டகையில் பார்த்தேன். வண்டிக்கு அடியில் சிமெண்டுத் தரையில் ரத்தம், எஞ்சின் ஓரத்தில் ரத்தம். ஸ்டார்ட் பண்ணுகிற செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டியபடி தொங்கியது. அந்தப் போல்ட்டு மோசமான இடத்தில் இருக்கிறது, கீழே மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் கையைத் தூக்கித் திருக வேண்டும். ஸ்பேனர் வழுக்கியிருக்கிறது.

ரத்தத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். தமயந்தி பார்த்தால் தாங்க மாட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீரபாண்டியில் ஒரு கல்யாணம். போகிற மாதிரி இல்லை. பிறகு, போகலாம் என்று தமயந்தியிடம் சொன்னேன். அவள் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது கொட்டகைக்குப் போனேன்.

வண்டிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்தேன், சிமெண்டு ஜில்லென்று இருக்கிறது. மல்லாந்து படுத்தேன். என் வயசுக்கு மூச்சு வாங்கியது. செல்ஃப் மோட்டார் போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்து, ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். முழுக்கக் கழற்றவில்லை. கழற்றினால் அவனுக்குச் சந்தேகம் வரும், மானம் போய்விட்டதென்று நினைப்பான். விரலால் திருகினாலே வருகிற அளவுக்கு விட்டிருக்கிறேன். கட்டுப் போட்ட கைக்கு அது போதும். பிறகு கைகழுவி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன்.

இன்பா உள் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். வாசலில் நின்று தமயந்தியிடம் சத்தமாகச் சொன்னேன்: "வீட்டுல யாருமில்ல, கதவச் சாத்திட்டு வா. நாம திரும்பி வர சாயங்காலம் ஆயிரும்." அவள் ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்றாள். அவன் அசையவில்லை, கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன்.